சார் கொடுத்த ஹெல்மெட்

நான் சைக்கிள் ஓட்டுகிறவள் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "விலை ஜாஸ்தியான ஹெல்மெட் வாங்கினா அந்தக் காசுக்குப் பிரயோஜனம் இருக்கா?" சர்ச் வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டிருக்கிறார்கள். அலுவலகத்தில் லிஃப்டுக்கு நிற்கும்போது கேட்டிருக்கிறார்கள். சேலையூரில் பல் பிடுங்கப் போனபோது, என் வாய் நிறையப் பஞ்சை வைத்துவிட்டு, டாக்டர் கேட்டார்.

முன்பெல்லாம் இந்தக் கேள்வி எனக்கு அல்வா மாதிரி. அரை மணி நேரம் பேசுவேன். தெர்மோகோல் எப்படி நசுங்குகிறது, காற்றுத் துளைகள் எதற்கு, பின்னால் இருக்கும் திருகியை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கேட்டவர் ஏன் கேட்டோம் என்று நினைக்கும்வரை பேசுவேன். இப்போது யாராவது கேட்டால் முதலில் கோபம்தான் வருகிறது. கேட்கிறவர் மேல் இல்லை. ஆனால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் போலிருக்கிறது, "ஏம்மா, தப்பா ஏதாவது கேட்டுட்டேனா?" என்கிறார்கள். இல்லை, நீங்கள் தப்பாக எதுவும் கேட்கவில்லை. என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

கிழக்குத் தாம்பரத்தில் கேம்ப் ரோடு பக்கம் எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் சிக்னல் அருகே சைக்கிள்காரர்கள் கூடுவோம். அகரம்தென் வழியாகப் போய், வண்டலூர் – கேளம்பாக்கம் ரோட்டில் ஏறி, கால் வலிக்கும்வரை மிதித்துவிட்டுத் திரும்பி வந்து, டீக்கடையில் போண்டா தின்று கலைவோம். எரித்த கலோரி எல்லாம் அந்தப் போண்டாவில் திரும்ப வந்துவிடும். கோஷ்டியில் எல்லா ரகமும் உண்டு. பாங்க்காரர்கள், கல்லூரிப் பசங்கள், விமானப்படையில் ஓய்வு பெற்ற ஒருவர், இரண்டு பல்லாவரம் சகோதரிகள். எல்லோருக்கும் மேலே சார்.

சார் என்றால் வாத்தியார் இல்லை. ஐ.டி. கம்பெனி ஒன்றில் பெரிய பதவி, ராஜகீழ்ப்பாக்கத்தில் பெரிய அபார்ட்மெண்ட், ஐம்பதைத் தொடும் வயது, சைக்கிள் மிதித்து இறுகிய தொடை. கோஷ்டியை ஆரம்பித்தவர் அவர்தான். யாராவது பஞ்சரானால் நின்று டியூப் மாற்றிக்கொடுப்பார். அதையும் சொல்லத்தான் வேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அவர் வைத்திருந்த சட்டம் ஒன்று: ஹெல்மெட் இல்லாவிட்டால் ரைடு இல்லை. டீக்கடைக்கு வேண்டுமானால் வரலாம். நல்ல சட்டம், அதில் எனக்குச் சண்டையே கிடையாது. அந்தச் சட்டத்துக்கு ஒரு வாலும் இருந்தது. கோஷ்டியில் யாராவது புது ஹெல்மெட் வாங்கினால், பழையதைப் புதிதாகச் சேர்ந்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். டீக்கடையில், எல்லோர் முன்னாலும், கொடுப்பவரே வாங்குபவர் தலையில் மாட்டிவிடுவார். இதற்குப் பட்டாபிஷேகம் என்று பெயர். பாங்க்கில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் கையில் டீ கிளாஸை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு கமெண்ட்ரி கொடுப்பார். எல்லோரும் கை தட்டுவோம். நானும் தட்டியிருக்கிறேன். அழகான வழக்கம் என்றுதான் நினைத்தேன்.

என் அக்காவை அந்தக் கோஷ்டியில் சேர்த்தது நான். அக்கா கீழ்க்கட்டளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். சுகர் எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதும், பழைய சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டுக் கொடுத்தேன். மூன்று வாரம் முனகினாள். நாலாவது வாரம் எனக்கு முன்னால் எழுந்து என் போர்வையை இழுத்தாள். பள்ளிக்கூடம், பேப்பர் திருத்துவது, சர்ச், பாட்டுக் குழு, அம்மாவின் மாத்திரைகள் என்று ஓடிக்கொண்டிருந்தவளுக்கு அந்த ஒரு காலை மட்டும் யாருக்கும் கணக்கு சொல்லத் தேவையில்லாத நேரமாக இருந்தது. ரைடு முடிந்து ஓடிவந்து குளித்து, சேலை கட்டி, ஆராதனைக்குப் போய்ப் பாட்டுக் குழுவின் ஆல்டோ குரல் வரிசையில் நிற்பாள். தாடைக்குக் கீழே ஹெல்மெட் வார் பதிந்த கோடு பாட்டு முடியும்வரை தெரியும்.

அவளுடைய முதல் ஹெல்மெட்டைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். தாம்பரம் மார்க்கெட் பக்கத்துச் சைக்கிள் கடையில் வாங்கினோம். கத்தரிப்பூ நிறம். கடையிலேயே குறைந்த விலை. உள்ளே தரச்சான்று ஸ்டிக்கர் இருந்தது. தலையில் வைத்து, வாரைப் பூட்டாமல் குனிந்து ஆட்டச் சொன்னேன். விழவில்லை. நெற்றியை மறைத்து, புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடம் விட்டு உட்கார்ந்தது. போதும். விலை குறைந்த ஹெல்மெட்டாக இருந்தாலும், விலை உயர்ந்ததாக இருந்தாலும், அந்தச் சான்று வேண்டுமென்றால் ஒரே சோதனையைத்தான் தாண்டியாக வேண்டும். அதே உயரத்திலிருந்து போடுகிறார்கள், அதே இரும்பில் மோதுகிறது. பணக்காரத் தலைக்கென்று தனி இரும்பு கிடையாது.

கூடுதல் காசுக்கு எதுவுமே இல்லை என்று சொல்லமாட்டேன். எடை குறையும். துளைகள் அதிகம். தலை வடிவத்துக்குச் சரியாகப் பிடிக்கும். சிலதில் உள்ளே வழுக்கும் அடுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள், தலை சாய்வாக மோதித் திருகிக்கொள்ளும்போது அது கொஞ்சம் உதவும் என்கிறார்கள், உதவலாம். நம் ஊர் வெயிலில் காற்றோட்டம் சின்ன விஷயமும் இல்லை. புழுக்கம் தாங்காமல் ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஹேண்டில்பாருக்கு மண்டை கிடையாது. அதனால்தான் என் முதல் போனஸில் கொஞ்சம் நல்லதாகவே ஒன்று வாங்கினேன். சுகத்துக்கு வாங்கினேன், அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. என் மண்டை ஓடு அக்காவுடையதைவிடப் பத்திரமாக இருக்கிறது என்று மட்டும் ஒருநாளும் நினைத்ததில்லை.

கோஷ்டியில் அப்படி நினைக்காதவர்கள் குறைவு. அக்காவின் கத்தரிப்பூ ஹெல்மெட்டைப் பார்த்த முதல் நாளே ஆரம்பித்துவிட்டார்கள். துவக்கிவைத்தவர் டீ மாஸ்டர்.

"இன்னாக்கா, தலைல தேங்கா மூடியக் கவுத்துகினு வந்துகீற?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். "துருவிட்டு மிச்சத்தப் போட்டுக்கிட்டேண்ணா," என்றாள். டீ மாஸ்டருக்கு அந்தப் பதில் பிடித்துப்போய் அன்றைக்கு அவளுக்கு மட்டும் சக்கரை இல்லாமல் தனியாகப் பால் ஆற்றிக் கொடுத்தார். அது வேடிக்கை, வலிக்கவில்லை.

சாருடையது வேறு மாதிரி.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமா? உங்க தலைக்கு நீங்க என்ன விலை போடுவீங்க?"

"என் பத்தாம் கிளாஸ் பசங்களைக் கேட்டா ஒண்ணும் தேறாதும்பாங்க சார்."

"சிரிக்காதீங்க. சீரியஸா கேக்கறேன். தலைக்கு என்ன விலை போடறீங்களோ, ஹெல்மெட்டுக்கும் அந்த விலைதான் போடணும். சும்மா பேருக்கு ஒரு சட்டியை மாட்டிக்கிட்டு வந்தா எப்படி?"

அக்கா தலையைக் குனிந்து போண்டாவைப் பிய்த்தாள். டீச்சர் சம்பளத்தில் வீட்டு வாடகையும் அம்மாவின் மருந்தும் போக எவ்வளவு மிஞ்சும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவருக்கு இருந்ததில்லை. "அதுல சான்று இருக்கு சார்," என்று நான் குறுக்கே புகுந்தேன். "நானே பாத்து வாங்கினது."

"நீ சின்னப் பொண்ணு, உனக்குத் தெரியாது பாப்பா," என்றார். எனக்கு இருபத்து நாலு வயது. மெக்கானிக்கல் படித்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு சார் ஒரு பையோடு வந்தார். டீக்கடையில் பையைத் திறந்தார். வெள்ளை ஹெல்மெட், ஓரத்தில் சிவப்புக் கோடு, மீன் முள் மாதிரி வரிசையாகத் துளைகள். நாங்கள் எல்லோரும் படத்தில் மட்டும் பார்த்திருந்த வகை. கமெண்ட்ரி அண்ணன் டீ கிளாஸை உயர்த்திவிட்டார்.

"ராஜகீழ்ப்பாக்கம் சமஸ்தானம், மகாராஜா அவர்கள், கீழ்க்கட்டளைக் கணக்கு டீச்சருக்குக் கிரீடம் சூட்டுகிறார். மந்திரிமார்கள் எல்லாம் போண்டாவைக் கீழே வைக்கவும்."

சார் அக்காவின் கத்தரிப்பூ ஹெல்மெட்டைக் கழற்றி பெஞ்சில் வைத்தார். வெள்ளையை மாட்டிவிட்டார், திருகியைத் திருகினார், ஒரு அடி பின்னால் போய் நின்று பார்த்தார். கை தட்டினோம். அக்காவின் கண்ணில் நீர் முட்டியது. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் ஒருமுறை போட்டுப் பார்த்தாள். பிறகு அதை ஹாலில் ஷோகேஸுக்குள், அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஷீல்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஞாயிறு ரைடுக்கு மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்வாள். அம்மா வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். கத்தரிப்பூ ஹெல்மெட், ஒரு துணிப்பையில் கட்டப்பட்டு, பழைய மிக்ஸி இருக்கும் லாஃப்டுக்குப் போனது.

மழை விட்ட ஒரு ஞாயிறு, அகரம்தென் வளைவில் அக்கா விழுந்தாள். எம்-சாண்ட் லாரி சிந்திவிட்டுப் போன மணல், அதன் மேல் தேங்கிய தண்ணீர். முன்சக்கரம் வழுக்கியது. முழங்கை முதலில், பிறகு தோள். வெள்ளை ஹெல்மெட்டின் ஒரு பக்கம் சேற்றில் உரசியது, அவ்வளவுதான். முழங்கைத் தோல் உரிந்து, தோள் வீங்கியது. ஆனால் அவள் விழுந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி வாய்க்கால் கல்வெர்ட்டின் சிமெண்ட் விளிம்பு இருந்தது.

சார்தான் முதலில் ஓடிவந்தார். தண்ணீர் ஊற்றிக் காயத்தைக் கழுவினார். எழுந்து உட்கார்ந்த அக்காவிடம், "பாத்தீங்களா டீச்சர், அந்தப் பழைய சட்டியோட விழுந்திருந்தா என்னாகியிருக்கும்?" என்றார்.

நான் இரண்டு கையையும் கூப்பி, "ரொம்ப தேங்க்ஸ் சார்," என்றேன். அந்தக் கும்பிடு இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உள்ளங்கை எரிகிறது.

அன்று மதியம், அக்கா கையில் கட்டோடு படுத்திருக்க, நான் பின்பக்கக் குழாயடியில் அவளுடைய ஹெல்மெட்டைக் கழுவ உட்கார்ந்தேன். உள்ளே ஒட்டியிருக்கும் பஞ்சுப் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து சோப்புத் தண்ணீரில் போட்டேன். நடுப் பட்டை மட்டும் வரவில்லை. இழுத்தேன். கொஞ்சம் தெர்மோகோலோடு சேர்ந்து வந்தது.

அடியில் விரிசல். உச்சியிலிருந்து பின்மண்டை வரை. அதன் மேல் மெழுகு வடிந்து காய்ந்த மாதிரி மஞ்சளாக ஏதோ. விரலால் தொட்டால் கண்ணாடி மாதிரி கெட்டி. அந்த மஞ்சளுக்குள் தூசி புதைந்திருந்தது. இன்று விழுந்ததில் வந்த விரிசல் இல்லை இது, எப்போதோ வந்தது. விரிசலை ஒட்டி இரண்டு பக்கமும் தெர்மோகோல் கரைந்து, சின்னச் சின்னக் குழிகளாகியிருந்தது.

படுத்திருந்த அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பேச ஆரம்பிப்பதற்குள் அவளே சொன்னாள். "உடனே ஒட்டற பசை டி. தெர்மோகோலைத் தின்னுடும். எக்சிபிஷனுக்கு மாடல் செய்யும்போது வருஷா வருஷம் எவனாவது இதைப் போட்டு மலையில பாதியைக் கரைச்சுட்டு வந்து அழுவான்."

பிறகு அவள் குழிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள்.

ஹெல்மெட்டுக்குள் இருக்கும் அந்த வெள்ளைத் தெர்மோகோல் ஒரே ஒரு முறைக்குத்தான். மோதும்போது அது நசுங்க வேண்டும். நசுங்கி, மண்டைக்குப் போக வேண்டிய அடியைத் தான் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொண்டதோடு அதன் வேலை முடிந்தது. மறுபடி உப்பி வராது. வெளியே ஓடு பளபளவென்று இருக்கலாம், உள்ளே செத்துப்போயிருக்கும். இது எல்லா ஹெல்மெட்டுக்கும் பொருந்தும், எந்த விலைக்கும். பெட்டியில் வரும் தாளிலேயே போட்டிருப்பார்கள், பலமான அடி பட்டால் மாற்றிவிடவும் என்று.

எங்கே அடிபட்டது என்று யோசிக்கவே தேவையில்லை. அந்தக் கதை கோஷ்டியில் எல்லோருக்கும் மனப்பாடம், சார் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. வண்டலூர்ப் பாலத்து இறக்கத்தில் அவர் தூக்கியெறியப்பட்டது, மண்டை தடுப்புச் சுவரில் போய் மோதியது, "டம்முன்னு ஒரு சத்தம், ஆனா எனக்கு ஒரு கீறல் இல்லப்பா, அதான் ஹெல்மெட்" என்று அவர் முடிப்பது. அதற்கடுத்த வாரம் அவர் புது ஹெல்மெட்டோடு வந்தார். பழையதுதான் எங்கள் ஷோகேஸுக்கு வந்தது; அன்றைக்குக் கை தட்டிய நான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

நான் கத்தினேன். வீட்டில் கத்தினால் அம்மாவுக்கு பி.பி. ஏறும் என்பதால் மொட்டை மாடிக்குப் போய்க் கத்தினேன். பிறகு இறங்கிவந்து விரிசலைப் போனில் படம் எடுத்தேன், கிட்டப்போய் ஒன்று, உள்ளே ஒட்டியிருந்த கம்பெனி ஸ்டிக்கரும் தெரியும்படி ஒன்று.

"க்ரூப்ல போட்டுடாதே," என்றாள் அக்கா.

"ஏன் போடக் கூடாது?"

"அவருக்குத் தெரிஞ்சிருக்காது டி. யார்கிட்டயாவது குடுத்து சரிபண்ணியிருப்பார். நல்ல மனசோட குடுத்தவரை நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்தணுமா?"

"அந்தக் கல்வெர்ட்ல உன் தலை பட்டிருந்தா?"

"படலை இல்ல?" கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு காலைதான். சண்டை போட்டுக் கெடுத்துடாதே. நான் என் பழசையே போட்டுக்கறேன். இதை அவர்கிட்ட மரியாதையா திருப்பிக் குடுத்துடறேன். முடிஞ்சுது."

சரி என்றேன். சரி என்று எனக்குத் தோன்றவேயில்லை. அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் கணினியை முறைத்துக்கொண்டு ஒன்றையே யோசித்தேன். ஒரு விஷயம் மெல்ல மெல்லத் தெளிந்தது, தெளியத் தெளியக் கோபம் கூடியது. அந்த ஹெல்மெட் விலை குறைந்ததாக இருந்திருந்தால் சார் அதை வண்டலூர்ப் பாலத்திலேயே தூக்கிப்போட்டிருப்பார். விலை அதிகம் என்பதால்தான் ஒட்டினார். விலை அதிகம் என்பதால்தான் பரிசாகக் கொடுக்க முடிந்தது. காசு கொடுத்து வாங்கியதைத் தூக்கிப்போட நம் வீடுகளில் யாருக்கும் கை வராது. எங்கள் லாஃப்டில் மிக்ஸி இருக்கிறதே, அது சுற்றி எத்தனையோ வருடமாகிறது. நல்ல பொருளைக் குப்பையில் போடமாட்டோம், கொஞ்சம் இல்லாதவராகப் பார்த்துக் கொடுப்போம். கொடுக்கும்போது இரட்டைச் சந்தோஷம், வீணாகவில்லை என்பது ஒன்று, தானம் செய்தோம் என்பது இன்னொன்று. சேலையாக இருந்தால் பரவாயில்லை. சேலைக்குள் யாருடைய மூளையும் இல்லை.

ஞாயிறு வந்தது. அக்காவின் கை அநேகமாக ஆறியிருந்தது. கத்தரிப்பூ ஹெல்மெட் லாஃப்டிலிருந்து இறங்கியது. வெள்ளையை அதே துணிப்பையில் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டாள். வழி முழுக்கச் சார் முன்னால் போய்க்கொண்டிருந்ததால் பேச்சு வரவில்லை. டீக்கடையில்தான் பார்த்தார்.

"என்ன டீச்சர், மறுபடியும் தேங்கா மூடியா?"

அங்கே ஒரு புது ஆள் நின்றிருந்தார். ஊரப்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்த ஒரு மேடம், முப்பது வயதிருக்கும், அடுத்த வாரத்திலிருந்து ரைடில் சேரப்போகிறவர். சைக்கிள் ஹெல்மெட் இன்னும் வாங்காததால், சட்டப்படி, டீக்கடைக்கு மட்டும் வந்திருந்தார். எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா பையை எடுத்து நீட்டினாள். குரலைத் தாழ்த்தி, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "இதுல உள்ளே விரிசல் இருக்கு சார். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அதான்."

"தெரியுமே," என்றார் சார். "நான்தானே ஒட்டினேன்."

அவர் அதைச் சொன்ன விதம். மிச்சமான குழம்பை நானேதான் சூடு பண்ணினேன் என்கிற மாதிரி. பையை அவர் வாங்கவும் இல்லை. அக்காவின் கை நீட்டியபடியே நின்றது.

"தெரிஞ்சேவா குடுத்தீங்க?" என்றேன். சத்தமாகத்தான் வந்தது. போண்டா தின்றுகொண்டிருந்த எல்லோரும் திரும்பினார்கள்.

"பாப்பா, நீ யூடியூப் நிறையப் பாக்கற. அது என்ன ரேஞ்ச் ஹெல்மெட்னு தெரியுமா உனக்கு? ஒரே அடியில போயிடற சரக்கு இல்ல அது. உங்க அக்கா போட்டிருக்காங்களே, அது ஒரு அடி தாங்கும். இது பத்து அடி தாங்கும். அதுக்குத்தான் அந்த விலை."

"அப்போ நீங்க ஏன் சார் புதுசு வாங்கினீங்க?"

கமெண்ட்ரி அண்ணன் கிளாஸை மெதுவாகப் பெஞ்சில் வைத்தார்.

"அது வேற," என்றார் சார். "புது மாடல் வந்துச்சு, வாங்கினேன்."

"விழுந்த அடுத்த வாரமேவா?"

"இப்ப என்ன பிரச்சனை உனக்கு? போன வாரம் உங்க அக்காவைக் காப்பாத்தினது எது? நீதானே கையெடுத்துக் கும்பிட்ட?"

கோபத்தில் எனக்கு எப்போதுமே சரியான வாக்கியம் பஸ் ஏறிப்போன பிறகுதான் வரும். தலை படவே இல்லை சார், முழங்கைதான் பட்டது, காப்பாற்றியது முழங்கை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அக்கா என் தோளில் கை வைத்து, போதும் என்பது போல அழுத்தினாள். அவள் முகத்தில் இன்னும் சமாதானம்தான் இருந்தது. ஐந்து நிமிடத்தில் எல்லாம் சிரிப்பாகிவிடும், அடுத்த ஞாயிறு வழக்கம்போல் மிதிக்கலாம் என்கிற ஆசை.

அதைக் கெடுத்தது நான் இல்லை. சார்தான். பெருந்தன்மையாகக் கையை விரித்து, "சரி விடுங்க டீச்சர், உங்களுக்கு மனசில்லேன்னா வற்புறுத்தல. இங்க குடுங்க," என்றவர் ஊரப்பாக்கத்து மேடம் பக்கம் திரும்பினார். "மேடம், உங்களுக்கு லக்கு. வந்த அன்னிக்கே பட்டாபிஷேகம்."

மேடம் சிரித்துக்கொண்டு கூந்தலைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார். மாட்டிக்கொள்வதற்குத் தயாராக.

அக்கா நீட்டியிருந்த பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவளை எனக்கு வாழ்நாள் முழுக்கத் தெரியும். வகுப்பில் எவனாவது பக்கத்துப் பையனின் மேல் காம்பஸ் முள்ளை ஓங்கினால் அவள் முகம் எப்படி ஆகுமோ, அப்படி ஆனது. டீ மாஸ்டரிடம் திரும்பினாள்.

"அண்ணா, அந்தக் கத்திரிக்கோலைக் குடுங்க."

பால் பாக்கெட் வெட்டும் கத்திரிக்கோல். ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். "எதுக்குக்கா?" என்று கேட்டுக்கொண்டே கொடுத்தார். அக்கா ஹெல்மெட்டைப் பையிலிருந்து எடுத்து, பெஞ்சில் கவிழ்த்துவைத்து, ஒரு பக்கத்து வாரை ஓட்டோடு ஒட்ட வெட்டினாள். அந்த வார் லேசில் அறுபடாது. மூன்று நான்கு முறை நறநறவென்று அழுத்த வேண்டியிருந்தது. ஆறியும் ஆறாத கை, வலித்திருக்கும். திருப்பி, மறுபக்கத்தையும் வெட்டினாள். யாரும் குறுக்கே வரவில்லை.

"அய்யோ, எவ்ளோ விலை தெரியுமா அது," என்றார் சார். குரலே மாறியிருந்தது. அகரம்தென் வளைவில் அக்கா விழுந்தபோதுகூட அவர் குரல் அப்படி மாறவில்லை.

"தெரியும் சார்," என்றாள் அக்கா. "நீங்க சொல்லிக்கிட்டே இருந்தீங்களே." ஹெல்மெட்டை அவர் கையில் வைத்தாள். பிறகு மேடத்தைப் பார்த்து, உள்ளே இருந்த மஞ்சளைச் சுட்டிக்காட்டி, "அடிபட்டது மேடம் இது. பசை போட்டு மறைச்சிருக்கு. இதை யாரும் போட வேணாம்," என்றாள், கரும்பலகையில் ஒரு படியை விளக்குகிற குரலில்.

"இன்னாக்கா, பால் பாக்கெட் வெட்ற கத்திரி அது, வேர்வ வாருல வெச்சா பால் நாறும் பாரு," என்றபடி டீ மாஸ்டர் கத்திரிக்கோலை வாங்கித் தண்ணீரில் அலசினார். யாரும் சிரிக்கவில்லை. சார் ஹெல்மெட்டைக் குப்பைத் தொட்டியில் போடுவார் என்று நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டி அவர் காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவர் அதைக் கைக்குட்டையால் துடைத்து, தன் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அன்றைக்கு அக்கா ஆராதனைக்குத் தாமதமாகிப் பின்வரிசையில் நின்று பாடினாள்.

மறுநாள் மாலை நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது, வாட்ஸ்அப் குழுவில் சாரின் செய்தி ஒன்று இருந்தது. நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஹெல்மெட்டின் வெளிப்பக்கப் படம், வெள்ளையும் சிவப்புக் கோடும் நன்றாகத் தெரியும்படி. கீழே, "இதற்குப் புது வார் மாற்றிக் கொடுக்கும் கடை யாருக்காவது தெரியுமா? நல்ல ஹெல்மெட், வீணாகிறது." அதற்குள் பம்மலில் ஒரு கடை இருக்கிறது என்று ஒருவர் வழி சொல்லியிருந்தார். இன்னொருவர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்.

வார் மாற்றிவிட்டால் அடுத்து யாருடைய தலை? கோஷ்டியில் புதிதாகச் சேர்கிற யாரோ. பெயர்கூட நமக்குத் தெரியாத யாரோ. நான் பதில் அடிக்க ஆரம்பித்தேன். நாலு வரி, அதில் மூன்று வரி வெளியே சொல்ல முடியாதது. சமையலறை வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா வந்து என் கையிலிருந்து போனை வாங்கினாள். படித்தாள். நான் அடித்ததையெல்லாம் அழித்தாள்.

"அந்தப் படம் எங்க?" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். விரிசலைக் கிட்டப்போய் எடுத்த படத்தையும், ஸ்டிக்கர் தெரியும் படத்தையும் அவளே குழுவில் போட்டாள். கீழே எழுதினாள்: "இது அதே ஹெல்மெட்டின் உள்பக்கம். வண்டலூரில் அடிபட்டது. வார் மாற்றினாலும் யாரும் போடாதீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுக்காதீர்கள்." தன் பெயரையும் அடியில் போட்டாள், என் போன் என்பதால்.

சற்று நேரத்தில் நான் குழுவிலிருந்து நீக்கப்பட்டேன். அக்காவை நீக்கவில்லை. அவள் தன் போனை எடுத்துத் தானே வெளியே வந்தாள். வந்துவிட்டு, கொஞ்ச நேரம் அந்தப் போனைத் தரையில் கவிழ்த்துவைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஞாயிற்றுக்கிழமை அதற்குள்தான் இருந்தது. அதற்குத்தான் நான் சாரை மன்னிக்கப்போவதில்லை. விரிசலுக்காகக்கூட இல்லை.

பிறகு போன் அதிர்ந்தது. ஊரப்பாக்கத்து மேடம். நம்பரை எப்படிப் பிடித்தாரோ.

"டீச்சர், அந்தக் கத்தரிப்பூ கலர் ஹெல்மெட் எங்க வாங்கினீங்க? எனக்கும் ஒண்ணு வேணும். சனிக்கிழமை நீங்க வர முடியுமா, சைஸ் பாக்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். "இவளையும் கூட்டிட்டு வரேன்," என்றாள் போனில். "ஆனா அரை மணி நேரம் பேசுவா, பரவாயில்லையா?"